காவிரியின் மறுமுனை: கடலோரச் சிற்றூர்களுக்கு ஒரு கல்விச் சுற்றுலா

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ராகியும் சாமையும் துவரையும் விளையும் மேட்டு நிலம் அது. அங்குள்ள ஊராட்சித் தலைவர்களையும் வார்டு உறுப்பினர்களையும் மகளிர் சுயஉதவிக் குழுவினரையும் கடலோரத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வது எதற்காக? 2023 பிப்ரவரியில் நாங்கள் புறப்பட்டபோது பலர் இக்கேள்வியைக் கேட்டார்கள். சுற்றுலாவின் செலவுக் கணக்கைப் பின்னர் சரிபார்த்தவர்களும் இதையே, சற்றுக் கடுமையான சொற்களில், எழுத்து மூலமாகக் கேட்டார்கள். அலுவலக முறைப்படி ஒரு பக்கத்தில் விடையளித்தேன். ஒரு பக்கத்தில் அடங்காதவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமத்தாரை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று அங்கு நடைபெறும் வேலைகளைக் கண்ணாரக் காண்பிப்பது நம் துறையின் பழைய வழக்கம். 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த வழக்கம் என்றே சொல்லலாம். வழக்கம் பழையதாகும்போது அதன் நோக்கம் மங்கிவிடுவதும் உண்டு. நான் முதன்முதலாக நடத்திய சுற்றுலா வேறோர் ஒன்றியத்தில், இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நான்கு நாட்களில் 11 இடங்கள்; இரவும் பகலும் ஓட்டம். திரும்பியபின், கண்டவற்றைப் பற்றி ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டேன். ஒரு பக்கமும் வரவில்லை. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை நானே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதி, ‘உறுப்பினர்கள் பெரிதும் பயனடைந்தனர்’ என்று முடித்தேன். அந்த வரியை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே கேள்வி

ஆகையால் இம்முறை, புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே, வர இருந்த 42 பேரையும் பென்னாகரத்தில் இருமுறை கூட்டினோம். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு முதலில் கோயில்களின் பெயர்கள் வந்தன. பிறகு, ‘கடலை ஒருமுறை பார்த்தால் போதும்’ என்றார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் கடலைக் கண்டதில்லை. கடைசியில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, “நம்ம ஊர்ல கிணத்துத் தண்ணியக் குடிச்சா பல்லு கெடுது. கடலோரத்துல தண்ணிக்கு நடுவுலயே இருக்கறாங்க. அவங்க எதக் குடிக்கறாங்கன்னு பாத்துட்டு வரலாம், சார்” என்றார். கூட்டம் சிரித்தது. ஆயினும் அன்று மாலைக்குள் அதுவே சுற்றுலாவின் கேள்வியாகிவிட்டது.

பிற மாவட்டத்து நேயர்களுக்காக ஒரு சொல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடும்பாறை நிலத்தில் ஊறும் நீரில் பல இடங்களில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல். மேற்பட்டால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் பருகியோருக்கு எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, நடுவயதிலேயே முதுகு வளையும். இதை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் குழாய் வழியே மேடேறி எங்கள் ஊர்களுக்கு வருகிறது. வராத நாட்களில் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறார்கள். வரும் நாளிலும், ‘காவிரி வந்துவிட்டது, இனி ஏரியும் குளமும் எதற்கு?’ என்ற எண்ணம் வேரூன்றி வருகிறது. இவ்வெண்ணமே எனக்குப் பெருங்கவலையாக இருந்தது.

ஆயத்தங்கள் எளியவையே. இருவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஊருக்கு ஊர் கேட்க வேண்டியவை நான்கு: குடிநீர் எங்கிருந்து வருகிறது, முன்பு எங்கிருந்து வந்தது, எப்போது ஏன் கெட்டது, அதற்கு யார் என்ன செய்தார்கள். ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டிருந்த நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். அதைக் கையாளப் பயிற்சி பெற்றிருந்த குழு மகளிர் இருவரே அதன் பொறுப்பாளர்கள். ஒகேனக்கல் குழாய் நீரை ஒரு புட்டியில் நிரப்பி ஊரும் நாளும் எழுதி ஒட்டினோம். காலிப் புட்டிகளும் உடன் வந்தன.

மரக்காணம் முதல் பரங்கிப்பேட்டை வரை

அரூர், ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக மரக்காணத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊருக்கு வெளியே உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகப் பரந்திருந்தன. எங்கள் உழவர்கள் முதலில் அவற்றை நாற்றங்கால்கள் என்றே எண்ணினார்கள். கடற்கரையில் இறங்கியதும் சுற்றுலாவின் ஒழுங்கெல்லாம் அரை மணி நேரம் கலைந்தது. கலையட்டும் என்று விட்டுவிட்டேன். கடலை முதன்முறை காண்பவரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவது அறிவீனம்.

இருட்டுவதற்குள் பரிசோதனைப் பெட்டியைத் திறந்தோம். குளோரைடு சோதனையில், மஞ்சள் நிறமாக்கிய நீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது செம்பழுப்பாக மாறும் வரை எண்ண வேண்டும். சொட்டு மிகுந்தால் உப்பு மிகுதி. எங்கள் புட்டியின் காவிரி நீர் சில சொட்டுகளிலேயே நிறம் மாறியது. கடல்நீரோ மாறவே இல்லை. எண்ணிக்கொண்டே போனவர்கள், மருந்து தீர்ந்துவிடும் என்று அஞ்சி நிறுத்தினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதைச் சொற்பொழிவில் சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். தீராத சொட்டை மறக்கவில்லை.

மறுநாள் புதுச்சேரியையும் கடலூரையும் நில்லாமல் கடந்தோம். பெரிய ஊர்களில் இறங்கினால் கடைத்தெருவிலேயே பொழுது போய்விடும் என்பது பழைய அனுபவம். வழிநெடுகச் சவுக்குத் தோப்புகள். மணலில் இவ்வளவு நேராக வளரும் மரத்தைப் பார்த்து எங்கள் விவசாயிகள் விலை விசாரித்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் இப்பகுதியில் கரையேறியதையும், முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கு எங்களுக்கு நேரம் போதவில்லை, குறை என்னுடையது. ஆனால் இவ்வூருக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கு இரும்பு ஆலை நடத்தியபோது சேலத்து இரும்புத் தாதும் மரக்கரியும் இங்கு வந்து சேர்ந்தன. அந்நாளில் தருமபுரியும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆலை இன்று இல்லை.

பிச்சாவரத்தில் வெட்டிய வாய்க்கால்

இச்சுற்றுலாவில் எங்களுக்கு மிகுதியாகப் பயன்பட்ட இடம், நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பிச்சாவரமே. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள உப்பங்கழியில் பரந்திருக்கும் அலையாத்திக் காடு இது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இக்காட்டு இனங்களில் ஒன்று. படகில் சென்று வேர்களுக்கிடையே புகுந்து வருவதோடு பார்வையாளர்கள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் படகேறினோம். ஆனால் பார்க்க வந்தது காட்டின் அழகை அன்று. காடு ஒருமுறை அழிந்து, மீண்ட விதத்தை.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து இக்காட்டை விறகுக்காகப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுத்து வந்தார்கள். தானே மீண்டும் வளரும் என்பது கணக்கு. பல இடங்களில் வளரவில்லை. மரநிழல் போனதும் வெயில் நேரே நிலத்தில் பட்டு, சேற்றின் ஈரம் வற்றியது. ஈரம் வற்றிய நிலம் தாழ்ந்து தட்டுப் போலக் குழிந்தது. பெருக்கில் ஏறி வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி, வெயிலில் சுண்டிச் சுண்டி, கடலைவிடக் கடும் உப்பாயிற்று. உப்பு நீரிலே வாழப் பழகிய அலையாத்தி மரமும் அவ்வளவு உப்பில் பிழைக்காது. வெட்டியவன் போய்விட்டான், நிலம் மட்டும் மரத்தை மறுத்துக்கொண்டிருந்தது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் கிராமத்தாரோடு சேர்ந்து இதற்கு மருந்து கண்டார்கள். முதலில் செடி நடவில்லை. மீன் முள்ளின் வடிவத்தில், நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். கடற்பெருக்கு அவ்வாய்க்கால்கள் வழியே உள்ளே வந்தது. வற்றத்தில் தேங்காமல் வெளியேறியது. போகும்போது மண்ணின் மிகையுப்பைக் கழுவிக்கொண்டு போனது. அதன் பிறகே கரையோரங்களில் நாற்று நட்டார்கள். பிழைத்தது.

படகிலிருந்து இறங்கியபின் எங்கள் குழுவில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு ஓர் ஊராட்சித் தலைவர் சொன்னார்: “நாம மூணு வருஷமா ஏரியத் தூர் வாரிக்கிட்டே இருக்கோம். ஏரிக்கு வர்ற கால்வாய ஒரு நாள்கூட மிதிச்சுப் பாக்கல.” அவர் சொன்னது எங்கள் ஒன்றியத்துக்கு முழுதும் பொருந்தும். நூறு நாள் வேலையில் ஏரியின் வயிற்றை ஆழப்படுத்தினோம். அது அளக்க எளிது. படம் எடுக்கவும் எளிது. மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயோ புதர் மண்டி, சில இடங்களில் வரப்பாகவும் வண்டித்தடமாகவும் மாறிக் கிடந்தது. அதைத் தொட்டால் எல்லைத் தகராறு. ஆகவே தொடவில்லை. நீர்வழி இல்லாத இடத்தில் நாங்கள் குழியை மட்டும் ஆழமாக்கிக்கொண்டிருந்தோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்கு முன்னால் கடலையொட்டிய திட்டில் இருந்த குடியிருப்பு அழிந்ததையும், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பியதையும் படகோட்டிகள் கூறினார்கள். மரங்களே காத்தன என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காரணம் என்று வாதிடும் அறிஞரும் உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

பூம்புகாரும் தரங்கம்பாடியும்

சீர்காழி வழியாகப் பூம்புகாருக்குச் சென்றோம். இவ்விடத்தைப் பற்றி இலக்கியம் கற்ற நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. எங்களவர் காண விரும்பியது ஒன்றே: எங்கள் ஊரில் பாறைகளைப் பிளந்துகொண்டு முழங்கி விழும் காவிரி, கடலில் சேரும் இடம். கண்டபோது ஏமாற்றமே மிஞ்சியது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் அடைக்கப்படும். பிப்ரவரிக் கடைசியில் ஆற்றில் வரத்தில்லை. ஒடுங்கிய முகத்துவாரத்தில் நின்றது கடலிலிருந்து ஏறிவந்த நீர். சோதித்தபோது அதுவும் தீராத சொட்டுதான்.

‘காவிரி எங்கே போயிற்று?’ என்று ஒரு மூதாட்டி கேட்டார். அது பாடம் நடத்தத் தக்க நேரம். மணலில் கோடு போட்டே விளக்கினேன். முக்கொம்பில் பிரிந்து வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் போகிறது. கல்லணையிலிருந்து வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. எஞ்சிய காவிரி, கிளை கிளையாக வயல்களில் இறங்கி, கடலுக்கு வரும்போது வாய்க்காலளவு ஆகிவிடுகிறது. அது தொலைந்து போகவில்லை, நெல்லாகிவிட்டது. ஆனால் மேலே வரத்துக் குறைந்து, கீழே கிணறுகளில் இறைப்பு மிகுந்தால், ஆறு பின்வாங்கிய இடத்துக்குக் கடல் வருகிறது.

அங்கே தற்செயலாக வந்து சேர்ந்த ஒரு கடைமடை விவசாயி நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். ஒகேனக்கல் பக்கம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “பேப்பர்ல தினமும் உங்க ஊரத்தாங்க முதல்ல பாப்பேன். ஒகேனக்கல்லுக்கு எத்தன ஆயிரம் கன அடின்னு பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்” என்றார். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளப்பதும், கர்நாடகம் ஆண்டுதோறும் தர வேண்டியதென்று உச்ச நீதிமன்றம் 2018இல் நிர்ணயித்த 177.25 டி.எம்.சி. நீர் அங்கேயே கணக்கிடப்படுவதும் எங்கள் உறுப்பினர்களுக்குச் செய்தியாகத் தெரியும். அந்த எண்ணை நோக்கி ஒரு மனிதர் கடலோரத்தில் காத்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒகேனக்கல்லில் ஆறு எங்களவர்க்குப் பரிசலும் மீன் வறுவலும் எண்ணெய்க் குளியலுமாக இருந்தது. அதன் மறுமுனையை எவரும் நினைத்ததில்லை.

தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம் தங்கினோம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை நிற்கிறது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், பின்னர் அச்சகம் வைத்துத் தமிழ் நூல்கள் அச்சிட்டதும் இங்கேதான். குழுவின் கண்ணில் பட்டது வேறு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கருங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். நிலம் கரைவதைக் கல்லால் ஆன சான்றோடு கண்டோம்.

தங்குமிடம் பற்றி

இவ்விடத்தில் நடைமுறைக் குறிப்புகள் சில, சுற்றுலா நடத்தவிருக்கும் அதிகாரிகளுக்காக. எங்கள் குழுவில் பெண்கள் 23 பேர். தங்குமிடத்தைத் தேர்வு செய்யும்போது நான் பார்த்தது வாடகையை. பார்த்திருக்க வேண்டியது கழிப்பறையை. ஓரிடத்தில் 23 பேருக்கு இரண்டே கழிப்பறைகள். விடியற்காலை 3 மணிக்கே வரிசை. அன்று புறப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதமானதற்கு அவர்களைக் கடிந்துகொண்டேன். தவறு என்னுடையதென்று ஒரு சுயஉதவிக் குழுத் தலைவி எனக்கு மரியாதையாக, ஆனால் ஐயத்துக்கிடமின்றி, எடுத்துரைத்தார். மேலும், முன்கூட்டிக் கடிதம் எழுதியிருந்த ஓர் அலுவலகத்தில் நாங்கள் போனபோது எவருமில்லை. அதனால் இழப்பில்லை, வாயிலில் நின்ற காவலர் தம் தெருவுக்கே அழைத்துச் சென்று குடிநீர்க் குழாயைக் காட்டினார். மூன்றாம் நாள் இரவில் சோற்றைப் பார்த்துச் சலித்தவர்கள் களி கேட்டார்கள். ராகி மாவை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்த முன்யோசனைக்காரி ஒருவர் அக்குறையையும் தீர்த்தார்.

வேதாரண்யம்

நாகூரையும் வேளாங்கண்ணியையும் கடந்து நான்காம் நாள் வேதாரண்யத்தை அடைந்தோம். அம்மாதத் தொடக்கத்தில் பருவம் தவறிய மழை பெய்து, அறுவடைக்கு நின்ற நெல்லையும் பாத்தியில் இருந்த உப்பையும் ஒருசேரக் கெடுத்திருந்தது. தொழிலாளர்கள் பாத்திகளைத் துப்புரவு செய்து மறுபடி வேலை தொடங்கியிருந்தார்கள்.

இவ்வூர் உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்தே வந்து, 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பெடுத்தார்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. நினைவுத் தூணருகே இதைச் சொன்னபோது எங்களவர் நிமிர்ந்து நின்றார்கள். ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தார் ஒருவர், கடலையே அறியாத ஊரில் பிறந்து, உப்புக்காக இங்கு சிறைப்பட்டார்.

உப்பு விளையும் முறை எங்கள் உழவர்களை ஈர்த்தது. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். நீரின் அடர்த்தி ஏற ஏற, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து ஒதுங்கும். பிறகே நல்லுப்பு பூக்கும். அதற்கும் மேல் வற்றவிட்டால் கசப்புள்ள மக்னீசிய உப்புகள் கலந்துவிடும். ஆகையால் எஞ்சிய கசப்பு நீரை உரிய நேரத்தில் வெளியேற்றிவிட வேண்டும். விடியுமுன் தொடங்கும் வேலை. வெயிலேறினால் வெண்மை கண்ணைப் பறிக்கும். எங்கள் குழுப் பெண்கள் உப்பு வாரும் பெண்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். “குடிக்கத் தண்ணி எங்கக்கா?” என்ற கேள்விக்கு, வரப்பில் நிழலில்லாமல் இருந்த பிளாஸ்டிக் குடத்தைக் காட்டினார்கள். வீட்டிலிருந்து சுமந்து வந்தது.

அதில் ஒரு குவளை வாங்கிச் சோதித்தோம். சில சொட்டுகளிலேயே நிறம் மாறிவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். ‘கொள்ளிடத் தண்ணி’ என்றார்கள். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் நீர் அது. புறப்பட்ட நாளில் அடைத்த ஒகேனக்கல் புட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார் பரிசோதனைப் பெட்டிக்காரப் பெண். இரண்டும் காவிரி. பாறையில் புளோரைடு ஊறுவதால் நாங்கள் ஆற்றைக் குழாயில் ஏற்றிக் குடிக்கிறோம். மண்ணில் கடல் ஊறுவதால் அவர்கள் ஆற்றைக் குழாயில் இறக்கிக் குடிக்கிறார்கள். இரு முனையிலும் காலடி நீர் கைவிட்டுவிட்டது. அந்த உப்பளத்து வரப்பில்தான் எங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது.

‘குழாய் வராத நாளில்?’ என்று கேட்டதற்கு மணல்மேடுகளைக் காட்டினார்கள். வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையே பழைய மணல்மேடுகள் இருக்கின்றன. மழைநீர் மணலில் இறங்கி, உவர்நீரின் மேலே நன்னீராக மிதக்கிறது. கையால் ஊற்றுத் தோண்டினால் இனிக்கும் நீர். புகையிலைக் கொல்லைகளுக்கும் இவ்வாறே ஆழமற்ற குட்டை தோண்டிக் குடத்தால் நீர் தெளிப்பது இவ்வட்டாரத்துப் பழைய முறை. ஆழமின்மையே அதன் சிறப்பு. ஏனெனில் கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. 1,000க்கு 1,025 என்ற அளவில். ஆகவே நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து 40 அடி உவர் ஏறி வரும். இதை ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே கண்டு எழுதினார்கள். மோட்டார் வைத்து ஆழத்தில் இறைத்த தோட்டங்கள் உவர்ப்பட்ட கதையை அவ்வூரார் எங்களுக்குக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கரையேறிய ‘கஜா’ புயலில் மாவும் தென்னையும் சாய்ந்ததைப் பற்றியும் கேட்டுக்கொண்டோம். கோடியக்கரைக் காட்டில் வெளிமானையும் சதுப்பில் பூநாரைகளையும் கண்டோம். அவற்றைப் பற்றி நோட்டுப் புத்தகங்களில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, இங்கு விடுகிறேன்.

திரும்பியபின்

தஞ்சாவூர், திருச்சி, சேலம் வழியாக நடுநிசியில் வந்து சேர்ந்தோம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைகளில், சென்று வந்தவர்கள் தாமே எழுந்து பேசினார்கள். சில ஊராட்சிகளில் இரண்டு புட்டிகளையும் மேசைமேல் வைத்துச் சொட்டு எண்ணிக் காட்டினார்கள். என் பழைய அறிக்கையைப் போல ‘பெரிதும் பயனடைந்தனர்’ என்று எவரும் சொல்லவில்லை; ‘கால்வாயை எங்கே தொலைத்தோம்?’ என்றுதான் பேச்சு நடந்தது. எங்கள் நிலத்தில் பெரும்பாலும் ஆழம் போகப் போக, பாறையோடு நெடுநாள் உறவாடிய பழைய நீர் கிடைக்கிறது. மேலே மழைநீர் இறங்கினால் கிணற்றில் புளோரைடின் செறிவு தணிய வாய்ப்புண்டு. ஏரிக்கு நீர் வருவதும் குடிநீர்ப் பணியே என்று அவர்கள் தங்கள் மொழியில் விளக்கினார்கள்.

ஐந்து ஊராட்சிகள் வரத்துக் கால்வாயைத் திறக்கத் தீர்மானம் இயற்றின. இரண்டில் வேலை நடந்தது. ஒன்றில் நில அளவர் வந்து கல் நட்ட அன்றே கைகலப்பு நேர்ந்து, வேலை நின்றது. மற்ற இரண்டில் தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது. வேலை நடந்த ஓர் ஊரில், கால்வாயை ஆக்கிரமித்திருந்தவர்களில் ஒருவர் எங்களோடு பிச்சாவரத்தில் படகேறிய வார்டு உறுப்பினரின் மைத்துனர். அவரே பேசி வரப்பை உடைக்கச் செய்தார். அது சுற்றுலாவால் நேர்ந்ததா, குடும்பத்தில் வேறு காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் இருந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. நோட்டுப் புத்தகங்களில் 17ஐ வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன்; எஞ்சியவற்றை எழுதியவர்கள் தர மறுத்துவிட்டார்கள். வேலை நடந்த இரு ஏரிகளில் ஒன்றுக்கு அடுத்த மழையில் நீர் வந்தது, நிரம்பவில்லை. கால்வாயின் மேற்பகுதியில் வனத்துறை எல்லையையொட்டி ஏறத்தாழ 300 மீட்டர் இன்னும் திறக்க வேண்டியிருக்கிறது. அதற்கான கடிதம் போயிருக்கிறது.